குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டவருக்கு எதற்குச் சிகிச்சை?

போலீஸ்காரர் கருவியை நீட்டி "ஊதுங்க" என்கிறார். ஊதியதும் ஒரு எண் வருகிறது. இந்த நிமிஷம் ரத்தத்தில் எவ்வளவு ஆல்கஹால் இருக்கிறது என்று அந்த எண் சொல்லிவிடும். நேற்று எவ்வளவு குடித்தார், காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா, வீட்டில் என்ன நிலைமை என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

ஒரே ராத்திரி, ஒரே சாலையில் இரண்டு பேர் பிடிபட்டதாக வைத்துக்கொள்வோம். இருவருக்கும் 0.16, அதாவது 100 மில்லி ரத்தத்தில் 160 மில்லிகிராம் ஆல்கஹால். முதல் ஆள் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை குடிப்பவர். நண்பனின் கல்யாண வரவேற்பில் அளவு மீறிவிட்டது. காரைவிட்டு இறங்கும்போதே கால் பின்னுகிறது, வாந்தி எடுக்கிறார். இரண்டாம் ஆள் நேராக நிற்கிறார், தெளிவாகப் பேசுகிறார், லைசென்ஸை எடுத்து நீட்டுகிறார். "ரெண்டு பெக்தான் சார்" என்கிறார்.

வேடிக்கை பார்ப்பவர்களுக்கு முதல் ஆள்தான் மொடாக்குடியன். மருத்துவர் கவலைப்படுவது இரண்டாம் ஆளைப் பற்றி. 0.16-இல் ஒருவர் தடுமாறாமல் நிற்கிறார் என்றால் அந்த உடம்பு பல வருஷமாகச் சரக்குக்குப் பழகிவிட்டது என்று அர்த்தம். எங்கள் சித்தப்பாவைப் பற்றி உறவில் எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள்: "எவ்வளவு உள்ள போனாலும் ஸ்டெடியா வண்டி ஓட்டிட்டு வந்துடுவாரு." அது நோயின் அறிகுறி என்று அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. அவர் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

சட்டம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அபராதம், லைசென்ஸ் பறிப்பு, சில சமயம் சிறை. முதல் ஆளுக்கு அந்த அவமானமும் செலவுமே பெரும்பாலும் போதும். இன்னொரு முறை கல்யாணத்துக்குப் போனால் ஆட்டோவிலோ டாக்ஸியிலோ திரும்புவார். இரண்டாம் ஆள் காலையில் அபராதம் கட்டிவிட்டு, அன்று சாயங்காலமே மறுபடியும் குடிப்பார். குடித்த பிறகு வீட்டுக்குப் போக வண்டி எடுப்பார். அபராதம் கட்டியதால் அவருடைய சாயங்காலம் மாறிவிடவில்லை. அவரை என்ன செய்வது என்ற கேள்விக்கு அமெரிக்கா 40 வருஷத்துக்கும் மேலாக விடை தேடிக்கொண்டிருக்கிறது. அங்கே எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று தெரிந்துகொண்டால் நமக்கும் உதவும்.

அமெரிக்காவில் நடந்தது

1980 மே மாதம், கலிபோர்னியாவின் ஃபேர் ஓக்ஸ் என்ற ஊரில் கேரி லைட்னர் என்ற 13 வயதுச் சிறுமி நடந்து போய்க்கொண்டிருந்தபோது குடிபோதையில் வந்தவரின் கார் மோதி இறந்தாள். அந்த ஓட்டுநர் அதற்கு முன்பும் குடித்து ஓட்டிப் பிடிபட்டவர். கேரியின் அம்மா கேண்டஸ் லைட்னர் அதே வருஷம் தொடங்கிய அமைப்புதான் 'மாட்' என்று அழைக்கப்படும் 'குடித்து வண்டி ஓட்டுவதற்கு எதிரான அம்மாக்கள்' இயக்கம். அதுவரை குடித்து ஓட்டுவதை ஏதோ சின்னத் தப்பாகப் பார்த்த அமெரிக்கச் சமூகம் அதைக் குற்றமாகப் பார்க்க ஆரம்பித்ததில் இந்த அம்மாக்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்று எல்லா மாநிலங்களிலும் உச்ச வரம்பு 0.08, அதாவது 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம். யூட்டா மாநிலம் மட்டும் 2018 கடைசியில் 0.05 ஆகக் குறைத்தது. குற்றத்துக்கு மாநிலத்துக்கு மாநிலம் பெயர் மாறும்: ஓரிடத்தில் டி.யு.ஐ., இன்னோரிடத்தில் டி.டபிள்யு.ஐ. நம் ஊர்ப் பேச்சில் 'டிரங்க் அண்ட் டிரைவ் கேஸ்'. இத்தனை சட்டம் இருந்தும் 2022-இல் மட்டும் அங்கே போதை ஓட்டுநர்கள் சம்பந்தப்பட்ட விபத்துகளில் 13,524 பேர் இறந்தார்கள். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 39 நிமிஷத்துக்கு ஒருவர்.

தண்டனையைக் கூட்டிப் பார்த்தார்கள், ஓரளவு பலித்தது. ஆனாலும் திரும்பத் திரும்பப் பிடிபடும் ஒரு கூட்டம் இருந்துகொண்டே இருந்தது. சிறையில் இருக்கும் வரை அவர்கள் வண்டி ஓட்ட மாட்டார்கள், வாஸ்தவம்தான். வெளியே வந்த பிறகு? அதனால்தான் தண்டனையோடு சேர்த்தே வகுப்பும் சிகிச்சையும் என்ற ஏற்பாடு வந்தது. தண்டனைக்குப் பதிலாகச் சிகிச்சை என்று பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் இரண்டும் சேர்ந்தேதான் வரும்.

வகுப்பு வேறு, சிகிச்சை வேறு

கலிபோர்னியாவை எடுத்துக்கொள்வோம். சான் ஹோசே, ஃப்ரீமாண்ட் பக்கம் நம்மவர்கள் நிறையப் பேர் இருப்பதால் இந்த விவரம் சிலருக்கு நேரடியாகவே தேவைப்படும். அங்கே முதல் தடவை பிடிபட்டு, அளவு 0.20-க்குக் கீழே இருந்தால் பொதுவாக 3 மாதத் திட்டம், மொத்தம் 30 மணி நேரம். 0.20 அல்லது அதற்கு மேலே என்றால் 9 மாதம், 60 மணி நேரம். 10 வருஷத்துக்குள் இரண்டாவது முறை என்றால் 18 மாதம். இந்த 18 மாதத் திட்டத்தில் 12 மணி நேரம் பாடம், 52 மணி நேரம் குழுவாக உட்கார்ந்து பேசுவது, முதல் 12 மாதமும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கவுன்சலரோடு தனிச் சந்திப்பு, கடைசிக் கட்டத்தில் 6 மணி நேரக் கண்காணிப்பு. செலவு பிடிபட்டவருடையது. முடிக்காமல் லைசென்ஸ் முழுசாகத் திரும்பி வராது.

குறுகிய திட்டத்தில் பெரும்பகுதி பாடம்தான். ஆல்கஹால் உடம்பில் எப்படி வேலை செய்கிறது, எவ்வளவு நேரத்தில் இறங்கும் என்பது மாதிரி. இதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். ராத்திரி 12 மணிக்கு 0.16 இருந்தவருக்கு, உடம்பு மணிக்கு ஏறத்தாழ 0.015 வீதம் கழித்துக்கொண்டே வந்தாலும், காலை 8 மணிக்கு இன்னும் 0.04 மிச்சம் இருக்கும். தூங்கி எழுந்து, குளித்து, காபி குடித்துவிட்டு ஆபீஸ் கிளம்புகிறவர் தன்னைத் தெளிவாக இருப்பதாகத்தான் நினைப்பார். இந்திய வரம்பு 0.03. காலையில் ஊதச் சொன்னாலும் மாட்டுவார். குளியலோ காபியோ மோரோ அந்த வேகத்தைக் கூட்டாது. இதைத் தெரிந்துகொள்வது முதல் ஆளுக்கு நிஜமாகவே உதவும்.

இரண்டாம் ஆளுக்கு இந்தப் பாடமெல்லாம் ஏற்கெனவே தெரியும். குடி உடம்புக்குக் கேடு என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். தெரிந்தும் நிறுத்த முடியாததுதான் அவருடைய பிரச்சினை. வகுப்பில் உட்காரவைத்து ஸ்லைடு காட்டிச் சான்றிதழ் கொடுத்து அனுப்புவது, எலும்பு முறிந்தவருக்கு நடைப்பயிற்சியின் நன்மைகளை எடுத்துச் சொல்வது மாதிரி ஆகிவிடும். ஆகவே முதல் வேலை, வந்திருப்பவர் எந்த ஆள் என்று கண்டுபிடிப்பது. இதற்குப் பெயர் மதிப்பீடு.

"ரெண்டு" என்றால் என்ன ரெண்டு?

மொத்த ஏற்பாட்டிலும் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த மதிப்பீடுதான். இது சரியாக நடக்காவிட்டால் மற்றதெல்லாம் வீண் செலவு.

முதலில் ஒரு கேள்வித்தாள் கொடுப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய 'ஆடிட்' என்ற 10 கேள்விகள் உலகம் முழுக்கப் பழக்கத்தில் இருப்பவை. எவ்வளவு அடிக்கடி குடிக்கிறீர்கள், ஆரம்பித்தால் நிறுத்த முடியாமல் போனதுண்டா, காலையில் எழுந்ததும் குடித்தால்தான் ஆகும் என்ற நிலை வந்ததா, முந்தின ராத்திரி நடந்தது ஞாபகம் இல்லாமல் போனதுண்டா, வீட்டிலோ டாக்டரோ குறைத்துக்கொள்ளச் சொன்னார்களா என்று போகும். மொத்தம் 40 மதிப்பெண். 8-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டும்.

கேஸில் மாட்டியவர் காகிதத்தில் உண்மையை எழுதுவாரா? பெரும்பாலும் மாட்டார். அதனால் கவுன்சலர் நேரில் பேச வேண்டும். அந்தப் பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்.

"வாரத்துல எத்தனை நாள் சார்?"

"சனி, ஞாயிறு மட்டும்."

"எவ்வளவு?"

"ரெண்டு."

"ரெண்டுன்னா... என்ன ரெண்டு?"

இந்தக் கடைசிக் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. அமெரிக்கக் கணக்கில் ஒரு 'டிரிங்க்' என்பது 14 கிராம் ஆல்கஹால்: சாதாரண பீர் 355 மில்லி, விஸ்கி என்றால் 44 மில்லி. வீட்டில் டம்ளரில் கண் மதிப்பாக ஊற்றும் 'ஒன்று' அதைப் போல இரண்டு மடங்கு இருக்கலாம். கவுன்சலர் கையில் போலீஸ் கொடுத்த எண்ணும் இருக்கிறது. 70 கிலோ எடையுள்ள ஆண், கணக்குப்படி இரண்டு டிரிங்க் குடித்தால் 0.06-ஐத் தாண்ட மாட்டார். 0.16 வர வேண்டுமென்றால் ஐந்தாறாவது போயிருக்க வேண்டும். நல்ல கவுன்சலர் இதை முகத்தில் வீசி "பொய் சொல்றீங்க" என்று சொல்ல மாட்டார். தாளில் எழுதிக் காட்டுவார்: "இது உங்க எடை, இது மெஷின் காட்டினது. இதைப் பார்த்தா உங்களுக்கு என்ன தோணுது?"

சொல்லிவிட்டுக் காத்திருப்பார். திட்டினால் மனிதன் தன்னை நியாயப்படுத்திக்கொள்வான். கேட்டால் யோசிப்பான். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த பேச்சுமுறை இது. மாறுவதற்கான காரணத்தைக் கவுன்சலர் சொல்லாமல், வந்தவர் வாயிலிருந்தே வரவைப்பதுதான் அதன் உயிர். "இந்தக் கேஸால உங்களுக்கு எது ரொம்ப உறுத்துது?" என்று கேட்டால் சிலர் அபராதம் என்பார்கள். இன்னொருவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "பொண்ணை ஸ்கூல்ல நான்தான் கொண்டுபோய் விடுவேன். இப்போ பக்கத்து வீட்டுக்காரங்க கூட்டிட்டுப் போறாங்க" என்பார். அதைப் பிடித்துக்கொண்டுதான் மேலே போக வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களிடமும் பேசுவார்கள், அவருடைய சம்மதத்தோடு. மனைவிக்குத் தெரிந்தது கேள்வித்தாளில் இருக்காது. அப்புறம் பழைய வழக்குகள், ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நிலவரம், கூடவே மனச்சோர்வோ பதற்றமோ இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். எல்லாவற்றையும் வைத்து, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட வரையறையில் உள்ள 11 அறிகுறிகளில் எத்தனை பொருந்துகின்றன என்று எண்ணுவார்கள். ஒரு வருஷத்துக்குள் 2 அல்லது 3 இருந்தால் லேசானது, 4-5 என்றால் நடுத்தரம், 6 அல்லது அதற்கு மேல் என்றால் கடுமையானது. முன்பு 'சட்டச் சிக்கலில் மாட்டுவது' என்பதும் இப்படியொரு அறிகுறியாக இருந்தது. 2013-இல் அதை எடுத்துவிட்டார்கள். ஆபத்தான இடத்தில், உதாரணமாக வண்டி ஓட்டும்போது, திரும்பத் திரும்பப் போதையில் இருப்பது மட்டும் பட்டியலில் தங்கியது. ஆகவே பிடிபட்டதாலேயே ஒருவர் நோயாளி ஆகிவிட மாட்டார். பிடிபடாததால் ஒருவர் நோயாளி இல்லை என்றும் ஆகாது.

குடியைச் சட்டென்று நிறுத்துவது ஏன் ஆபத்து

மதிப்பீட்டில் கடுமை என்று வந்தால் முதலில் கேட்க வேண்டியது: நிறுத்தினால் இவர் உடம்பு தாங்குமா?

சித்தப்பா கதை இங்கேதான். பைக்கிலிருந்து விழுந்து கால் உடைந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். "குடிப்பழக்கம் உண்டா?" என்று டாக்டர் கேட்டார். "எப்பவாச்சும்" என்றார் சித்தப்பா. பக்கத்தில் சித்தி நின்றார், ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. முதல் நாள் கை நடுங்கியது. வலியில் என்று நினைத்தோம். இரண்டாம் நாள் வேர்த்துக் கொட்டியது, தூக்கமே இல்லை. மூன்றாம் நாள் ராத்திரி படுக்கை விரிப்பிலிருந்து எதையோ தட்டித் தட்டி விட ஆரம்பித்தார். "எறும்பு, எறும்பு" என்றார். எறும்பு எதுவும் இல்லை. கட்டுப்போட்ட காலோடு இறங்கி ஓடப் பார்த்தார். நான்கு பேர் பிடிக்க வேண்டியிருந்தது.

மருத்துவர்கள் இதை 'டெலிரியம் ட்ரெமன்ஸ்' என்பார்கள். வருஷக்கணக்காகத் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது, முதல் ஒன்றிரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் இப்படி மூளை குழம்பும் நிலை வரலாம். கவனிக்காவிட்டால் உயிரே போகும். சரியான நேரத்தில் மருந்து கொடுத்தால் பெரும்பாலும் தவிர்த்துவிட முடியும். டயஸிபாம் வகை மருந்துகளை அளவாகக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து நிறுத்துவார்கள். கூடவே வைட்டமின் பி1 ஊசி, மூளையைக் காப்பாற்ற. நிஜமான அளவு முதல் நாளே டாக்டருக்குத் தெரிந்திருந்தால் சித்தப்பாவுக்கு அந்த ராத்திரி வந்திருக்காது.

குடித்து ஓட்டிக் கைதானவரும் லாக்கப்பில் இதே நிலையில்தான் இருக்கிறார் என்பதை யோசித்துப் பாருங்கள். குடி கிடைக்காத முதல் இரண்டு மூன்று நாள் அவருக்குக் காவலில் கழிகிறது. கை நடுக்கமும் வியர்வையும் நடிப்பு இல்லை என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உடம்பு தேறிய பிறகுதான் சிகிச்சையே ஆரம்பம். நம் ஊரில் பலர் இந்த ஒரு வாரத்தையே சிகிச்சை என்று நினைத்து, "கூட்டிட்டுப் போனோம், திரும்ப ஆரம்பிச்சிட்டான்" என்று கைவிட்டுவிடுகிறார்கள். அதற்கப்புறம் மாதக்கணக்கில் பேச்சு சிகிச்சை உண்டு. எந்த நேரத்தில், எந்த இடத்தில், யாரோடு இருக்கும்போது கை தானாகப் பாட்டிலுக்குப் போகிறது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பது. சம்பளம் வந்த நாள், கிரிக்கெட் மேட்ச், மாமனார் வீட்டுச் சண்டை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டியல் இருக்கும். ஓட்டுநர் வழக்கில் இன்னொரு கேள்வியும் சேரும்: அந்த நேரத்தில் வண்டிச் சாவி எங்கே இருக்கும்? குடிக்கப் போவதற்கு முன்பே சாவியை யாரிடமாவது கொடுப்பதையும், வண்டி இல்லாமல் போவதையும் திரும்பத் திரும்ப ஒத்திகை பார்க்கவைப்பார்கள். குடித்த பிறகு எடுக்கும் முடிவை நம்ப முடியாது, ஆகவே முடிவைக் குடிக்கும் முன்பே எடுத்துவிட வேண்டும்.

மருந்துகளும் உண்டு, நம்மில் பலருக்கு இது தெரியாது. நால்ட்ரெக்ஸோன் குடியில் கிடைக்கும் இன்பத்தை மட்டுப்படுத்தும். அமெரிக்காவில் 1994 முதல் இந்த நோய்க்கு அனுமதி பெற்ற மருந்து, மாதம் ஒரு ஊசியாகவும் வருகிறது. அகாம்ப்ரோசேட் நிறுத்தியவரின் தவிப்பைத் தணிக்கும். டைசல்ஃபிரம் இன்னொரு வகை. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து படாதபாடு படுவார். அந்தப் பயமே காவல்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுத்துக் குடியை மறக்கடிக்கலாம்" என்று வரும் விளம்பரங்களை நம்பி எதையும் கலக்காதீர்கள். டைசல்ஃபிரம் உள்ளே போனது தெரியாமல் ஒருவர் ஒரு குவாட்டரைக் குடித்தால் இதயமே நின்றுபோகும் அபாயம் உண்டு. குடிக்கிறவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் கண்காணிப்பில் கொடுக்க வேண்டிய மருந்து அது.

'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' கூட்டங்களுக்குப் போகச் சொல்வதும் அமெரிக்க நீதிமன்றங்களில் வழக்கம். 1935-இல் ஓஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணையாக ஆரம்பித்தது அது. காசு வாங்குவதில்லை, நம் ஊர்களிலும் நடக்கிறது, பலருக்குக் கைகொடுத்திருக்கிறது. ஆனால் அதன் படிகளில் கடவுள் வருவதால், விருப்பம் இல்லாதவரை அதற்கு மட்டுமே போ என்று அரசு கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2007-இல் ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாற்று வழியும் வைத்திருக்க வேண்டும்.

கண்காணிப்பு

சிகிச்சை நடக்கும் மாதங்களில் அவர் வேலைக்குப் போக வேண்டும், பெரும்பாலும் வண்டி ஓட்டியே போக வேண்டும். அமெரிக்காவின் பல ஊர்களில் பஸ்ஸே கிடையாது. அதற்காக காரிலேயே ஒரு ஊதுகருவியை மாட்டிவிடுவார்கள். ஊதி, அளவு குறைவாக இருந்தால்தான் இன்ஜின் கிளம்பும். பல மாநிலங்களில் 0.02 தாண்டினாலே கிளம்பாது. பக்கத்தில் இருப்பவரை ஊதவைத்து ஏமாற்றாமல் இருக்க, ஓட்டிக்கொண்டிருக்கும்போது நடுநடுவே மறுபடி ஊதச் சொல்லும். சிலவற்றில் கேமராவும் உண்டு. ஓட்டத்தில் ஊதித் தோற்றால் இன்ஜினை நிறுத்திவிடாது, நடுரோட்டில் நிறுத்தினால் அதுவே விபத்தாகிவிடும். ஹாரன் அலறும், பதிவாகும், அதிகாரிக்குப் போகும். இந்தக் கருவி காரில் இருக்கும் வரை மறுபடி பிடிபடுவது வெகுவாகக் குறைகிறது. கழற்றிய பிறகு அந்தப் பலன் தங்குவதில்லை. சாலையைக் காப்பாற்றுவது கருவியின் வேலை, ஆளைக் குணமாக்குவது சிகிச்சையின் வேலை. அந்த மாதங்களைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தாமல் வீணாக்கினால், கழற்றிய நாளன்று பழைய ஆளே மறுபடி ஸ்டியரிங்கைப் பிடிப்பார்.

தெற்கு டகோட்டா மாநிலம் வேறு வழியில் போனது. அங்கே அட்டர்னி ஜெனரலாக இருந்த லாரி லாங் 2005-இல் '24/7' என்ற திட்டத்தைத் தொடங்கினார். காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை, வாரத்தில் ஏழு நாளும் ஷெரிஃப் (மாவட்டக் காவல் அதிகாரி) அலுவலகத்துக்கு வந்து ஊத வேண்டும். ஆரம்பத்தில் ஒரு ஊதலுக்கு ஒரு டாலர், ஊதுபவரே கட்ட வேண்டும். தெளிவாக இருந்தால் வீட்டுக்குப் போகலாம். குடித்திருந்தால் அங்கேயே, அப்போதே கைது, ஓரிரு நாள் உள்ளே. ஆறு மாதம் கழித்து வாய்தாவும் வக்கீலுமாக வரும் பெரிய தண்டனையைவிட, இன்றைக்கே நிச்சயமாக வரும் சின்னத் தண்டனைக்குத்தான் மனம் பயப்படுகிறது என்பதே இதன் அடிப்படை. ராண்ட் நிறுவன ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தத் திட்டம் வந்த மாவட்டங்களில் மறுபடி குடித்து ஓட்டிக் கைதாவது 12 சதவீதமும், குடும்ப வன்முறைக் கைதுகள் 9 சதவீதமும் குறைந்திருந்தன. கொடுத்த ஊதல்களில் 99 சதவீதத்துக்கும் மேல் தெளிவாக வந்தவை. அந்த இரண்டாவது எண்ணை, 9 சதவீதத்தை, மறுபடி படியுங்கள். சாலைக்காகத் தொடங்கிய திட்டம் வீட்டுக்குள் அடி வாங்கும் பெண்களையும் காப்பாற்றியிருக்கிறது.

இதில் ஒரு குறையும் உண்டு. தினமும் பல வருஷம் குடித்தவரை இப்படி ஒரே நாளில் நிறுத்தச் சொன்னால், மேலே சொன்ன அந்த மூன்றாம் நாள் ராத்திரிதான் வரும். ஆகவே ஊதச் சொல்வதற்கு முன் மருத்துவர் பார்க்க வேண்டும்.

திரும்பத் திரும்பப் பிடிபடுபவர்களுக்கென்று தனி நீதிமன்றங்களும் இருக்கின்றன. மயாமியில் 1989-இல் தொடங்கிய போதைப்பொருள் நீதிமன்றத்தின் வழியில், 1990-களிலிருந்து குடித்து ஓட்டுபவர்களுக்கும் இவை வந்தன. நீதிபதி, அரசு வக்கீல், எதிர்த்தரப்பு வக்கீல், நன்னடத்தை அதிகாரி, கவுன்சலர் எல்லோரும் ஒரே குழு. குற்றவாளி ஒரு வருஷமோ அதற்கு மேலோ, முதலில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது நீதிபதி முன்னால் நிற்க வேண்டும். "இந்த வாரம் எப்படி இருந்தது?" என்று நீதிபதியே கேட்பார். சறுக்கினால் உடனே தண்டனை, நன்றாக இருந்தால் எல்லோர் முன்னாலும் பாராட்டு. தன் பெயரையும் பிள்ளைகளின் பெயரையும் ஞாபகம் வைத்திருக்கும் ஒரு நீதிபதி முன்னால் பொய் சொல்வது எளிதில்லை.

கட்டாயப்படுத்தினால் திருந்துவார்களா?

எல்லோரும் கேட்கும் கேள்வி. "அவனுக்கா தோணணும், தோணாம ஒண்ணும் பண்ண முடியாது" என்று நாம் சொல்வோம். அது பாதிதான் சரி. சிகிச்சைக்குத் தானாக வருகிறவர்கள் என்று நாம் நினைப்பவர்களில் பலரையும் மனைவியின் கண்ணீரோ, மேனேஜரின் கடைசி எச்சரிக்கையோதான் கொண்டுவந்து சேர்த்திருக்கும். நீதிமன்றம் அந்த வரிசையில் இன்னொன்று. வாசல் வரை தள்ளிக்கொண்டு வரும் வேலையைச் சட்டம் செய்யலாம். உள்ளே வந்த பிறகு மனதை மாற்றும் வேலை கவுன்சலருடையது.

எண்களைப் பார்த்தால் மிகைப்படுத்தவும் முடியாது. 1995-இல் எலிசபெத் வெல்ஸ்-பார்க்கரும் அவருடைய குழுவினரும் 215 மதிப்பீடுகளைச் சேர்த்து ஆராய்ந்தபோது, வகுப்போ சிகிச்சையோ பெற்றவர்கள் மறுபடி பிடிபடுவது 7 முதல் 9 சதவீதம் குறைவு என்று கண்டார்கள். பாடம், பேச்சு சிகிச்சை, தொடர்ந்து கண்காணிப்பு மூன்றும் சேர்ந்தவைதான் நன்றாக வேலை செய்தன. 9 சதவீதம்தானா என்று தோன்றலாம். ஒவ்வொரு முறை குறைவதும் ஒரு கேரி வீடு திரும்புவதற்கான வாய்ப்பு என்று நினைத்துப் பார்த்தால் அதைச் சின்ன எண் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மற்ற போதைகளிலும் அடிப்படை இதுதான், ஆனால் அளப்பது கடினம். கஞ்சாவின் அளவு ரத்தத்தில் இவ்வளவு இருந்தால் இவ்வளவு மயக்கம் என்று ஆல்கஹால் மாதிரி நேர்கோடாகச் சொல்ல முடியாது. டாக்டர் எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையைப் போட்டுக்கொண்டு தடுமாறி ஓட்டினாலும் அங்கே குற்றம்தான். ஓபியம் வகைப் போதைக்கு மெத்தடோன், புப்ரெனார்ஃபின் போன்ற மருந்துகள் உயிர் காப்பவை.

அமெரிக்காவில் வேலை விசாவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. 2015 முதல், தண்டனை ஆகும் முன்பே, கைதானதை வைத்தே அமெரிக்க வெளியுறவுத் துறை விசாவை ரத்து செய்யும் வழக்கம் இருக்கிறது. மறுபடி விசாவுக்குப் போகும்போது மருத்துவப் பரிசோதனைக்கும் அனுப்புவார்கள். அதில் பார்ப்பதும் இதையேதான்: இது ஒரு ராத்திரித் தவறா, நோயா?

நம் ஊரில்

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு. வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அமெரிக்காவைவிடக் கடுமை. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறை 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். அடுத்த முறை 2 வருஷம் வரை சிறை அல்லது 15,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். அந்தப் பிரிவில் மதிப்பீடும் இல்லை, சிகிச்சையும் இல்லை. முதல் ஆளும் இரண்டாம் ஆளும் ஒரே ரசீதோடு வெளியே வருகிறார்கள்.

வழியே இல்லாமல் இல்லை. போதைப்பொருள் சட்டத்தில் 39, 64ஏ ஆகிய பிரிவுகள் போதைக்கு அடிமையானவரைச் சிகிச்சைக்கு அனுப்ப இடம் தருகின்றன. 1958-ஆம் வருஷத்து நன்னடத்தைச் சட்டத்தில், போதையைத் தொடக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒருவரை விட முடியும். கஞ்சா பிடித்தவருக்குத் திறந்திருக்கும் கதவு, சரக்கடித்துவிட்டு வண்டி ஓட்டியவருக்கு ஏன் இவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்பது எனக்குப் புரியவே இல்லை. இரண்டாவது முறை பிடிபடும் ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேர மதிப்பீடு கட்டாயம் என்று வைத்தாலே எத்தனையோ பேர் முதன்முதலாக ஒரு டாக்டர் முன்னால் உட்காருவார்கள். சிகிச்சை தரத் தெரிந்தவர்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய மையம் இன்றும் நடக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல மருத்துவமனை இருக்கிறது.

வீட்டில் யாராவது இப்படிப் பிடிபட்டு வந்திருந்தால் சட்டம் மாறும் வரை காத்திருக்க வேண்டாம். 14446 என்ற கட்டணமில்லாத தேசிய உதவி எண்ணில் பேசலாம். கூட்டிக்கொண்டு போகும் வரை, தினமும் குடிப்பவரை அறையில் பூட்டிவைத்துச் சட்டென்று நிறுத்தவைக்காதீர்கள். கட்டிப்போடும், அடிக்கும் இடங்களுக்கு 'மறுவாழ்வு மையம்' என்று போர்டு இருந்தாலும் அனுப்பாதீர்கள். டாக்டரிடம் போகும்போது கூடவே நீங்களும் உள்ளே போங்கள். "ஒரு நாளைக்கு எவ்வளவு?" என்று அவர் கேட்பார். "எப்பவாச்சும்" என்று பதில் வரும். அந்த இடத்தில் நானும் சித்தியும் சும்மா இருந்த மாதிரி இருந்துவிடாமல், நீங்கள் கண்ணால் பார்த்த கணக்கைச் சொல்லுங்கள்.